பார்ட்ஸ் மாற்றிய பிறகு யோயோ சீக்கிரம் நின்றுவிடுகிறதா? காரணத்தைப் பிடிக்க முழுமையான வழிகாட்டி

பேரிங் பழசாகிவிட்டது என்று புதுசு வரவழைத்துப் போட்டாயிற்று, கூடவே பேட் (உட்சுவரில் ஒட்டியிருந்து நூலைக் கவ்வி யோயோவை மேலே ஏற்றுகிற ரப்பர் மாதிரி வளையம்), நூல் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியும் ஆயிற்று. ஆனால் நேற்றுவரை கீழே நின்று நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்த யோயோ இன்று போட்ட வேகத்தில் மேலே ஏறி வருகிறது, இல்லையென்றால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு உயிரே இல்லாமல் தொங்குகிறது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதை. இந்த இடத்தில் பெரும்பாலோர் புது பேரிங் மட்டமானது என்று முடிவுகட்டி, இன்னும் விலை கூடிய ஒன்றை ஆர்டர் போடுகிறார்கள். தருமபுரி நாலு ரோட்டிலோ கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கத்திலோ போய்க் கேட்டு வாங்கிவருகிற பொருளா அது, கூரியரில்தான் வந்தாக வேண்டும். அது வந்து சேர்வதற்குள் வீட்டிலேயே உட்கார்ந்து காரணத்தைப் பிடித்துவிடலாம். அநேகமாக அந்த இரண்டாவது பேரிங்குக்கு வேலையே இருக்காது. என் கைக்கு வந்த யோயோக்களில் பெரும்பாலும் குற்றவாளி நூல், பேட், அளவு பொருந்தாத பார்ட் இந்த மூன்றில் ஒன்றுதான்.

இதில் சொல்வது முக்கியமாக பேரிங் வைத்த யோயோவுக்கு. மரக் கட்டையோ வெறும் கம்பியோ நடுவில் உள்ள பழைய வகையையும், தானாகத் திரும்புகிற கிளட்ச் வகையையும் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

எது சுற்றுகிறது, எது சும்மா இருக்கிறது

இது தெரியாமல் பிரித்தால் எதைப் பார்க்கிறோம் என்றே தெரியாது. இரண்டு பாதிகளையும் நடுவில் ஓடுகிற ஆக்சில் என்ற மரைக் கம்பி இழுத்துப் பிடித்திருக்கிறது. பேரிங்கின் உள்வளையம் இந்த இரண்டு பாதிகளுக்கும் நடுவில் இறுகி, அவற்றோடு சேர்ந்தே சுற்றும். வெளிவளையத்தில் நூல் மாட்டியிருக்கிறது, அதனால் அது சுற்றாது. பேரிங்கின் பக்கவாட்டில் மூடியிருக்கிற மெல்லிய தகடு இருக்கிறதே, ஷீல்டு, அது வெளிவளையத்தோடு சேர்ந்தது, அதுவும் சுற்றாது.

ஆக, சுற்றுகிற எதுவும் சுற்றாத எதையும் தொடக் கூடாது, நடுவில் உள்ள குண்டுகள் வழியாகத் தவிர. யோயோவின் உடம்பு வெளிவளையத்தைத் தொட்டால் பிரேக். உடம்பு ஷீல்டைத் தொட்டால் பிரேக். நெளிந்த ஷீல்டு உள்வளையத்தில் உரசினால் பிரேக். நூல் பேட்டை உரசினாலும் பிரேக்தான். பார்ட்ஸ் மாற்றின பிறகு வருகிற கோளாறு எல்லாமே கிட்டத்தட்ட இதற்குள் அடங்கிவிடும், பேரிங்குக்குள்ளேயே இருக்கிற கிரீஸையும் தூசியையும் சேர்த்துக்கொண்டால்.

கழற்றுவதற்கு முன்னால் ஒரு த்ரோ

ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள். ஃபேனை நிறுத்திவிட்டு, நேராக, பலமாக ஒரு த்ரோ போடுங்கள். வித்தை எதுவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம், கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு கவனியுங்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் மொபைலில் ஸ்லோ மோஷனில் எடுக்கச் சொல்லுங்கள், கண்ணுக்குத் தப்புவது அதில் மாட்டும்.

நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது இது: வேகம் குறைந்து நிற்கிறதா, இல்லை வேகம் இருக்கும்போதே மேலே ஏறி வருகிறதா? இரண்டையும் "சுற்ற மாட்டேங்குது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், ஆனால் இரண்டுக்கும் மருந்து வேறு. பாதியில் ஏறி வந்தால் நூலையும் பேட்டையும் இரண்டு பாதிகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியையும் பாருங்கள். கீழேயே இருந்து வேகம் செத்து நின்றால் பேரிங்கையும், அது உட்கார்ந்திருக்கிற இடத்தையும் பாருங்கள். ஏறி வருகிற யோயோவுக்கு பேரிங்கைக் கழுவிக்கொண்டிருப்பது நேர விரயம்.

இன்னும் இரண்டு கவனியுங்கள். யோயோ ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகிறதா? அப்படியானால் நூல் ஒரு சுவரில் உரசி வேகத்தைத் தின்கிறது. அது பார்ட்ஸின் குற்றமாகவே இருக்காது, த்ரோ கோணலாகப் போயிருக்கலாம். எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறதா என்பதைப் பாருங்கள். யோயோவைத் திருப்பிப் பிடித்து, இடது பாதி வலது பக்கம் வரும்படி வைத்துப் போட்டும் உங்கள் கைக்கு அதே பக்கம்தான் சாய்கிறது என்றால் கோளாறு கையில். யோயோவோடு சேர்ந்து சாய்வும் மாறினால் கோளாறு யோயோவில். அடுத்தது நடுக்கம். நூலில் விரல் நகத்தை லேசாக வைத்தால் அதிர்வு தெரியும். லேசான நடுக்கம் சுற்றும் நேரத்தைப் பெரிதாகக் குறைக்காது, அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். முன்பு இல்லாமல் இப்போது புதிதாக வந்திருந்தால் மட்டும் அது ஒரு தடயம்: ஏதோ ஒன்று சரியாக உட்காரவில்லை.

காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். எண்ணெய் இல்லாத சுத்தமான பேரிங் சீரான இரைச்சலோடு சுற்றும், அது பிரச்சினை இல்லை. கரகரவென்று மணல் அரைக்கிற சத்தம் வந்தால் உள்ளே தூசி. "ஸ்ஸ்" என்று விட்டுவிட்டு உரசுகிற சத்தம் வந்தால் ஏதோ ஒரு பகுதி ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் தொட்டுவிட்டுப் போகிறது.

நூல்

காசு செலவில்லாமல் முதலில் பார்க்க வேண்டியது இதுதான், யாரும் பார்க்காததும் இதுதான்.

பார்ட்ஸ் மாற்றும்போது நூலை எடுத்து மறுபடி மாட்டியிருப்பீர்கள். யோயோ நூலை எதிலும் முடிச்சுப் போட்டுக் கட்டுவதில்லை, முறுக்கைப் பிரித்து வளையமாக்கி மாட்டுகிறோம். யோயோ கீழே நின்று சுற்றுவதே அந்த வளையத்தால்தான். பிலிப்பைன்ஸ்காரர்கள் வைத்திருந்த முறை அது, பெட்ரோ ஃபுளோரஸ் 1928-இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் யோயோ கம்பெனி தொடங்கிய பிறகுதான் அமெரிக்காவில் பரவியது. அந்த வளையம் பேரிங்கில் ஒரே ஒரு சுற்றாக இருக்க வேண்டும். பழைய மரக்கட்டை யோயோ பழக்கத்தில் இரண்டு சுற்றுப் போட்டு மாட்டிவிட்டால் இழுக்காமலே ஏறி வரும். வெளிச்சத்தில் இரண்டு பாதிகளுக்கும் நடுவில் பாருங்கள், பேரிங்கின் மேல் நூல் இரட்டையாகத் தெரிந்தால் கதை அங்கேயே முடிந்தது.

மூடும்போது நூலின் ஒரு பிரியோ ஒரு இழையோ பேரிங்குக்கும் உடம்புக்கும் நடுவில் சிக்குவதும் உண்டு. வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. நூலை மேலே பிடித்துக்கொண்டு யோயோவைத் தொங்கவிட்டு, உடம்பைக் கையால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். நூலும் கூடவே திரும்ப முயன்றால் எங்கோ சிக்கியிருக்கிறது.

அடுத்தது முறுக்கு. ஆட ஆட நூல் ஒரு திசையில் முறுக்கேறிக்கொண்டே போகும், புது நூல் பாக்கெட்டிலிருந்து எடுக்கும்போதே இறுக்கமாகவும் வரலாம். இறுகின நூல் பேரிங் பக்கத்தில் சுருண்டு பேட்டைக் கவ்வும், யோயோ திடீரென்று ஏறிவிடும். விரலில் இருந்து நூலைக் கழற்றி, யோயோவைக் கையில் பிடித்துக்கொண்டு நூல் நுனியைத் தொங்கவிடுங்கள். அது தானாகச் சுழன்று முறுக்கைக் கழித்துக்கொள்ளும். நின்ற பிறகு மாட்டிப் போட்டுப் பாருங்கள்.

கடைசியாகத் தடிமன். முன்பு மெல்லிய நூல் போட்டு ஆடிய யோயோவில் இப்போது தடித்த நூல் இருந்தால், அதுவும் புது பேட்டோடு சேர்ந்து இருந்தால், கவ்வத்தான் செய்யும். பழைய நூலைத் தூக்கிப் போட்டுவிடாமல் வைத்திருந்தால் அதையே திரும்ப மாட்டிப் பாருங்கள். நீளம் தொப்புள் உயரம் இருந்தால் போதும்.

பிரிப்பதில் ஒரு ஒழுங்கு

நூலில் ஒன்றும் கிடைக்கவில்லை, சரி, பிரிக்கலாம். கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள், அல்லது விளிம்பு உள்ள தாம்பாளம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பிரிப்பதற்கு முன் இரண்டு பாதிகளின் விளிம்பிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், திரும்ப மூடும்போது முன்பு இருந்த நிலைக்கு வந்ததா என்று அதை வைத்துப் பார்க்கலாம்.

சில யோயோக்களில் பேரிங்கின் இரண்டு பக்கமும் மெல்லிய வாஷரோ ஸ்பேசரோ இருக்கும். பழைய பேரிங்கைக் கழற்றும்போது அதோடு ஒட்டிக்கொண்டு போய், பழைய பேரிங்கோடேயே டப்பாவுக்குள் கிடக்க வாய்ப்பு நிறைய. பழைய பேரிங்கை எடுத்து ஒரு தடவை பாருங்கள். அதன் முகத்தில் வளையம் ஒன்று ஒட்டியிருந்தால், மாற்றின நாளிலிருந்து உங்கள் யோயோ அது இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. இடைவெளி சுருங்கியிருக்கும், உடம்பு வெளிவளையத்தைத் தொட்டுக்கொண்டும் இருக்கலாம்.

பேரிங் வராமல் அடம்பிடித்தால் கட்டிங் பிளேயரால் வெளிவளையத்தைக் கவ்வி ஆட்டி ஆட்டி இழுக்காதீர்கள். துளைக்குள் இறுக்கமாகப் போகிற ஏதாவது ஒன்றை, டிரில் பிட்டின் மொட்டை முனையையோ அதே அளவுள்ள பேனாவின் பின்பக்கத்தையோ, உள்வளையத்துக்குள் விட்டு நேராக இழுத்தால் வந்துவிடும். பிளேயர் பட்ட பேரிங்கில் ஷீல்டு ஒரு ஓரம் உள்ளே குழிந்திருக்கும். புது பேரிங்கைப் போடும்போதே யாராவது இப்படிச் செய்திருந்தால் அது புதுசாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

அளவு

இங்கேதான் கொஞ்சம் அதிக நேரம் உட்கார வேண்டும்.

இன்றைக்கு விற்கிற யோயோக்களில் அதிகம் வருவது சி சைஸ் பேரிங். உள்விட்டம் 6.35 மிமீ, வெளிவிட்டம் 12.7 மிமீ, அகலம் 4.76 மிமீ. எல்லாம் அங்குலக் கணக்கில் செய்தவை, அதனால்தான் இந்தப் புள்ளி எண்கள். பேரிங் கடை மொழியில் இதற்குக் கிட்டத்தட்ட ஆர்188 என்று பெயர். ஓசூரில் சிப்காட் இருக்கிற புண்ணியத்தில் பேரிங் கடைக்குப் பஞ்சமில்லை, போய்க் கேட்டால் "எந்த மிஷினுக்கு தம்பி?" என்பார்கள், "யோயோவுக்கு ண்ணா" என்று சொன்னால் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பழசைக் கையில் வாங்கி மட்டாக ஒன்றை எடுத்துத் தருவார்கள். அந்த "மட்டாக"வில்தான் வினை.

ஆர்188 என்று கேட்டால் ஷீல்டு போட்டதும் கிடைக்கும், திறந்ததும் கிடைக்கும். உள்விட்டமும் வெளிவிட்டமும் இரண்டுக்கும் ஒன்றே. அகலம் மட்டும் வேறு: ஷீல்டு போட்டது 4.76 மிமீ, திறந்தது 3.175 மிமீ. மெல்லியதைப் போட்டால் கச்சிதமாகத்தான் உட்காரும், யோயோவும் அழகாக மூடும், சந்தேகமே வராது. ஆனால் இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் சுருங்கியிருக்கும், நூல் இரண்டு பக்கமும் உரசும். பாதியில் ஏறி வருகிற கோளாறு பேரிங் மாற்றின உடனே ஆரம்பித்தது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். இதற்கு நேர் எதிரானதும் உண்டு. இழுத்தால் திரும்பி வருகிற ஆரம்பநிலை யோயோ சிலவற்றில் மெல்லிய பேரிங்கைத்தான் கம்பெனியே போட்டிருக்கும், அதில் அகலமானதைப் போட்டால் எவ்வளவு இழுத்தாலும் ஏறாது. அது கோளாறு இல்லை, பைண்ட் போட்டு, அதாவது நூலை மடித்து இடைவெளிக்குள் கொடுத்துக் கவ்வவைத்து, ஏற்றக் கற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கடையில் 686 என்ற பேரிங்கையும் எடுத்து நீட்டலாம். அது 6 மிமீ உள்விட்டம், 13 மிமீ வெளிவிட்டம், 5 மிமீ அகலம். கண்ணுக்கு ஒன்று போலவே இருக்கும். யோயோவின் உடம்பில் பேரிங் உட்காரும் 6.35 மிமீ தண்டில் 6 மிமீ துளை ஏறாது, தட்டி ஏற்றினால் தண்டு கெடும் அல்லது உள்வளையம் விரிந்து குண்டுகள் இறுகும். ஃபிட்ஜெட் ஸ்பின்னரில் இருந்து கழற்றிப் போடலாம் என்று நினைப்பவர்களுக்கு: அவற்றில் நிறைய 608 வகை, 8 மிமீ துளையும் 22 மிமீ வெளிவிட்டமும் கொண்டது, பக்கத்திலேயே வராது. ஆர்188 போட்ட ஸ்பின்னராக இருந்தால் மட்டும் பொருந்த வாய்ப்பு உண்டு, அதிலும் அகலத்தை அளந்துவிட்டுப் போடுங்கள். வெர்னியர் காலிப்பர் இல்லையென்றால் பழைய பேரிங்கையும் புதுசையும் கண்ணாடி மேல் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து, மேலே ஒரு ஸ்டீல் ஸ்கேலை வையுங்கள். ஸ்கேல் சாய்ந்தால் அகலம் ஒன்றில்லை.

இன்னொரு தொல்லை மூடி. உலோக ஷீல்டு போட்டதன் எண்ணுக்குப் பின்னால் இசட்இசட் என்றும், ரப்பர் சீல் போட்டதற்கு 2ஆர்எஸ் என்றும் வரும். ரப்பர் சீல் உள்வளையத்தை உரசிக்கொண்டேதான் இருக்கும், மோட்டாருக்கு அது நல்லது, தூசி போகாது. யோயோவுக்கு அது ஒரு நிரந்தர பிரேக்.

அளவு சரியாக இருந்தும் சந்தேகம் தீரவில்லையா? உடம்பைப் பாருங்கள். பேரிங் உட்காரும் தண்டைச் சுற்றி ஒரு சின்ன மேடு இருக்கும், உள்வளையம் மட்டும் அதன்மேல் அமர்ந்து, வெளிவளையம் உடம்பைத் தொடாமல் தள்ளி நிற்பதற்காகச் செய்தது. மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்து அந்த மேட்டுக்கு வெளியே உள்ள பகுதியைப் பாருங்கள். வட்டமாக, முடி போன்ற பளபளப்பான கீறல் ஒன்று தெரிந்தால், அதுவும் கூடவே கறுப்பாக எண்ணெய் கலந்த பொடி ஒட்டியிருந்தால், வெளிவளையம் அங்கே உரசிக்கொண்டிருக்கிறது. முழு வட்டமாக இருந்தால் அகலப் பிரச்சினை அல்லது ஸ்பேசர் காணவில்லை. பிறைபோல ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பேரிங் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, மேட்டின் மேல் ஏதோ ஒட்டியிருக்கும். பழைய பேட்டின் பசையோ சிலிகான் திவலையோ அங்கே இருப்பது சகஜம். தீக்குச்சியின் மரமுனையால் சுரண்டி எடுங்கள், ஊசியால் சுரண்டி மேட்டையே கீறிவிடாதீர்கள்.

பேரிங்கைக் கழுவுதல்

கீழேயே நின்று வேகம் சாகிற வகைக்கு இது. இஞ்சினியரிங் கடையில் வாங்கின புது பேரிங் உள்ளே கிரீஸோடு வரும், யோயோவுக்கென்று வாங்கியதிலும் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள். புதுசு பழசைவிட மோசமாகச் சுற்ற இதுவே போதும். கிரானைட் அறுக்கிற பட்டறைகள் பக்கம் வீடு இருந்தால் அந்த மாவுத் தூசி எண்ணெயோடு சேர்ந்து களிம்பாகிவிடும், பேரிங் சில வாரத்திலேயே கரகரக்கும்.

ஷீல்டு கழற்றக்கூடியதாக இருந்தால் அதன் ஓரத்தில் சி வடிவக் கம்பி வளையம் ஒன்று இருக்கும். வளையத்தின் இரண்டு முனைகளும் சந்திக்கிற இடத்தில் மயிரிழை இடைவெளி தெரியும். அந்த முனைக்கு அடியில் ஊக்கின் நுனியைக் கொடுத்து உள்நோக்கித் தள்ளி மேலே நெம்புங்கள், இன்னொரு கைப் பெருவிரல் எப்போதும் வளையத்தின் மேலேயே இருக்கட்டும். விரலை எடுத்தால் அது பறந்துவிடும், அப்புறம் கட்டிலுக்கு அடியில் தேட வேண்டியதுதான். வளையம் வந்ததும் பேரிங்கைக் கவிழ்த்துத் தட்டினால் ஷீல்டு விழும். அழுத்திப் பதித்த ஷீல்டாக இருந்தால் நெம்பாமல் அப்படியே கழுவுங்கள்.

கழுவ நல்லது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், செல்போன் சர்வீஸ் கடைகளில் போர்டு கழுவ வைத்திருப்பார்கள், கேட்டால் கிடைக்கும். கிரீஸ் கெட்டியாக இருந்தால் ஒயிட் பெட்ரோல். மண்ணெண்ணெய் எண்ணெய்ப் பசையை விட்டுவிட்டுப் போகும், வண்டி பெட்ரோலும் அப்படியே. தண்ணீர் கூடவே கூடாது. மூடியுள்ள சின்ன கண்ணாடிப் பாட்டிலில் பேரிங் மூழ்கும் அளவு ஊற்றிக் குலுக்குங்கள், கலங்கினதைக் கொட்டிவிட்டுப் புதுசு ஊற்றி மறுபடி, தெளிவாக வரும்வரை. அடுப்பு, ஊதுபத்தி, சாமி விளக்கு எதுவும் பக்கத்தில் எரியாமல், ஜன்னல் திறந்த இடத்தில் செய்யுங்கள், சின்னப் பிள்ளைகள் என்றால் வீட்டில் பெரியவர்களைச் செய்யச் சொல்லுங்கள். கழுவுவது பேரிங்கை மட்டும். தின்னரோ அசிட்டோனோ பிளாஸ்டிக் உடம்பில் பட்டால் வெடிப்பு விடும்.

துணியில் தட்டி, காற்றில் காயவிட்டு, பென்சில் முனையில் செருகி விரலால் சுண்டிப் பாருங்கள். கழுவுவதற்கு முன் உடனே நின்றது இப்போது தடங்கல் இல்லாமல் பல வினாடி சுற்றினால் வேலை முடிந்தது. இந்தச் சுண்டிப் பார்க்கிற சோதனைக்கு ரொம்ப மரியாதை கொடுக்க வேண்டாம், எடை ஏறாமல் சுற்றுவதும் யோயோவில் உட்கார்ந்து சுற்றுவதும் வேறு வேறு. தடங்கல் இருக்கிறதா என்று தெரிந்தால் போதும். பஞ்சர் கடை கம்ப்ரஸர் காற்றை அடித்து விர்ரென்று சுற்றவிட்டு ரசிப்பவர்கள் இருக்கிறார்கள். காய்ந்த பேரிங்கை அந்த வேகத்தில் ஓடவிட்டால் குண்டும் தடமும் தேயும், தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து.

எண்ணெய் போடலாமா? போடலாம், ஊசி முனையில் தொட்டு எடுத்த அளவு, தையல் மிஷின் எண்ணெய். துளி என்று சொன்னால் அதுவே அதிகம். கூடிவிட்டால் இழுத்தவுடன் திரும்பி வருகிற யோயோவாக மாறிவிடும், ஆடி ஆடித்தான் சரியாகும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறைய ஆரம்பிக்கும், மார்கழியில் ஓசூர், தளி பக்கம் பாட்டிலிலேயே கட்டியாகி நிற்பதைத்தான் பார்க்கிறோமே, பேரிங்குக்குள் மட்டும் எப்படி ஓடும்? ஷீல்டைத் திரும்பப் போடாமலும் ஆடலாம், ஆனால் நம் ஊர்ப் புழுதிக்குப் போட்டுவிடுவதே மேல்.

செராமிக் குண்டு, குழிந்த வெளிவளையம் என்று விலை கூடியவை கிடைக்கும். குழிந்தது நூலை நடுவில் நிறுத்தும், சுவரில் உரசுவது குறையும், அதனால் கொஞ்சம் பயன் உண்டு. செராமிக் சீக்கிரம் கெடாது, அவ்வளவுதான். சுற்றும் நேரம் சரியில்லை என்பதற்காக அதை வாங்குவது வீண் செலவு என்பது என் கட்சி.

ஆக்சிலும் இறுக்கமும்

ஆக்சிலையும் மாற்றியிருந்தால் பழசோடு பக்கத்தில் வைத்து நீளம் பாருங்கள். நீளம் கூடினால் பாதிகள் முழுதாக மூடுவதற்கு முன்பே ஆக்சில் அடியில் முட்டி நின்றுவிடும், இறுக்கின மாதிரி தோன்றும், ஆனால் பேரிங் பிடிப்பில்லாமல் ஆடும். குறைந்தால் மரை ஒன்றிரண்டு சுற்றுத்தான் பிடிக்கும், சீக்கிரம் மரை போகும். உலோக யோயோக்களில் அதிகம் வருவது எம்4 மரை, சில பழைய மாடல்களில் 8-32 என்ற அங்குல மரை. இரண்டும் பார்க்க ஒன்று போல இருக்கும், முதல் இரண்டு சுற்று விரலால் ஓடாமல் திணறினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இறுக்குவது கைப்பிடியில் நிற்கிற அளவு போதும். பிளாஸ்டிக் யோயோவில் பலத்தைக் காட்டினால் உள்ளே பதித்த நட் சுழன்றுவிடும், இடைவெளியும் சுருங்கும். மூடின பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இடைவெளியைச் சுற்றிலும் பாருங்கள். ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருந்தால் பேரிங் ஒரு பாதியில் முழுதாக இறங்கவில்லை. புதிதாக நடுக்கம் வந்திருந்தால் ஆக்சிலைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், பல சமயம் அதுவே போதுமானதாக இருக்கும். அப்படியும் போகாவிட்டால் ஆக்சிலைக் கண்ணாடி மேல் உருட்டுங்கள், வளைந்திருந்தால் தத்தித் தத்தி உருளும்.

பேட்

இழுக்காமலே ஏறி வருகிற யோயோவில், நூலும் பேரிங் அளவும் சரி என்றால், மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். புது சிலிகான் பேட் பசை மாதிரி கவ்வும், தேய்ந்த பேட்டோடு ஆடிப் பழகியவருக்கு யோயோவே கெட்டுப்போன மாதிரி இருக்கும். அந்த அளவு என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், சில நாள் ஆடினால் தணியும். பொறுமை இல்லையென்றால் ஒரு பக்கம் மட்டும் புதுசு வைத்துக்கொண்டு மறுபக்கம் பழசையே திரும்ப ஒட்டலாம்.

ஆனால் பேட் குழிக்கு மேலே எழும்பி நின்றால் எத்தனை நாள் ஆடினாலும் சரியாகாது. ஸ்டீல் ஸ்கேலின் ஓரத்தை பேட்டின் குறுக்கே வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்கேல் உலோகத்தில் உட்கார வேண்டும், பேட் அதோடு மட்டமாகவோ ஒரு முடி கீழேயோ இருக்க வேண்டும். பேட்டில் உட்கார்ந்தால் பேட் தடிமன் அதிகம், அல்லது பழைய பசை அடியில் மேடாகக் கிடக்கிறது. எடுத்துவிட்டு, குழியைச் சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்த பிறகு ஒட்டுங்கள். பேட் நடுவிலிருந்து நகர்ந்து ஒட்டியிருந்தாலும் உள்விளிம்பு பேரிங்கின் வெளிவளையத்தைத் தொடும். அப்போது யோயோ ஏறியும் வராது, சுற்றவும் செய்யாது, பேரிங் கெட்டதென்றே தோன்றும்.

பேட் கிடைக்காமல் மீன் தொட்டி ஒட்டும் சிலிகானைக் குழியில் நிரப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது நன்றாகவே வேலை செய்யும். பேரிங்கைக் கழற்றிவிட்டுத்தான் நிரப்ப வேண்டும், பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தால் ஒரே இழுப்பில் வழித்து, முழுசாக ஒரு நாள் காயவிடுங்கள். மேல்தோல் காய்ந்ததைப் பார்த்து மூடினால் உள்ளே பச்சையாக இருக்கும், நூல் அதைப் பிய்த்துக்கொண்டு வந்து பேரிங்கில் அப்பிவிடும்.

பேரிங் இல்லாத வகைகள்

போச்சம்பள்ளி சந்தையிலும் பஸ் ஸ்டாண்டு கடைகளிலும் கிடைக்கிற சாதா பிளாஸ்டிக் யோயோவில் நூல் நேராகக் கம்பியில் உரசித்தான் சுற்றும். அதில் நல்ல த்ரோவுக்குப் பத்து, இருபது வினாடி சுற்றினாலே நன்றாகச் சுற்றுகிறது என்று அர்த்தம். பேரிங் யோயோவோடு ஒப்பிட்டு வருத்தப்படாதீர்கள். இதற்குப் பருத்தி நூல்தான், பாலியஸ்டர் நூல் உரசின சூட்டில் உருகி அறுந்துவிடும்.

பிளாஸ்டிக் குழாய் ஒன்று கம்பியின் மேல் சுழலும்படி செய்த வகைக்கு எண்ணெய் தேவை, காய்ந்தால் நின்றுவிடும். யோமெகா பிரெய்ன் போன்ற கிளட்ச் வகை, வேகம் குறைந்தவுடன் உள்ளே ஸ்பிரிங் ஆக்சிலைப் பிடித்துத் தானாக ஏற்றிவிடும், அதன் குணமே அது. ஸ்பிரிங் மாற்றின பிறகு மிகச் சீக்கிரம் ஏறினால் ஒரு ஸ்பிரிங் இடம் மாறி உட்கார்ந்திருக்கலாம், திறந்து கிளட்ச்சின் இரண்டு கைகளும் ஒரே மாதிரி விரிகிறதா என்று பாருங்கள். அந்தக் கிளட்ச்சில் எண்ணெய் விட்டுவிடாதீர்கள், பிடிப்பே போய்விடும்.

இன்னும் பிடிபடவில்லை என்றால்

மாற்றின எல்லாவற்றையும் பழசுக்குத் திருப்புங்கள், ஒரே சமயத்தில் அல்ல, ஒன்றொன்றாக. முதலில் பழைய நூல், ஒரு த்ரோ. அடுத்து பழைய பேரிங்கைக் கழுவிப் போட்டு ஒரு த்ரோ. எதைத் திருப்பியதும் பழைய ஓட்டம் வருகிறதோ அதுதான் காரணம். பேட்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், கழற்றினால் பெரும்பாலும் மறுபடி ஒட்டாது. ஒரே தடவையில் இரண்டை மாற்றினால் எது குணப்படுத்தியது என்றே தெரியாமல் போகும், அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து. நண்பரிடம் அதே அளவு பேரிங் போட்ட யோயோ இருந்தால் இன்னும் சுலபம், உங்கள் பேரிங்கை அதில் போட்டுப் பாருங்கள், அங்கே நன்றாகச் சுற்றினால் உங்கள் பேரிங்குக்கு நற்சான்றிதழ் கிடைத்துவிட்டது.

எல்லாம் பார்த்தும் பேரிங் அதன் தண்டில் லொடலொடவென்று ஆடுகிறது என்றால் தண்டே தேய்ந்துவிட்டது. அலுமினிய யோயோ என்றால் லேத் பட்டறையில் புது தண்டு கடைந்து செருகித் தருவார்கள், ஆனால் நடு மையம் ஒரு முடி தப்பினாலும் நடுக்கம் வந்துவிடும், விலை கூடிய யோயோவுக்கு மட்டும் அந்த முயற்சி தகும். பிளாஸ்டிக் என்றால் அந்தப் பாதியை மாற்றுங்கள், தனிப் பாதி கிடைக்காவிட்டால் பேரிங், ஆக்சில், பேட் மூன்றையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு, அளவை எழுதி ஒட்டி வையுங்கள். அடுத்து வாங்குவதை அதே பேரிங் அளவில் வாங்கிக்கொண்டால் அவை உதிரிப் பார்ட்ஸாக உதவும்.